மாடிப்படிக் கிறுக்கலில் தொடங்கிய பள்ளிக்கூடம்: மரியா மாண்டிசோரி

போன இதழில் நம் சங்கச் செயலாளர் பி பிளாக் மாடிப்படிச் சுவரில் குழந்தைகள் கிரேயானால் கிறுக்குவதைப் பற்றி எழுதியிருந்தார். வெள்ளையடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்ற அவருடைய வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1907-ஆம் ஆண்டு ரோம் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகம் இதே புகாரைச் சொன்னது. அந்தப் புகாரில் இருந்துதான் உலகம் முழுக்க இன்று பெயர் சொல்லும் ஒரு பள்ளி முறை பிறந்தது. அதைத் தொடங்கிய அம்மையார் மரியா மாண்டிசோரி.

நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்து நாலு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக, பெரும்பாலும் கேஷ் கவுண்டரில், காலம் தள்ளியவள். கல்வியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். போன வருடம் என் மகளும் மாப்பிள்ளையும் ஐந்து வயதுப் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தார்கள். நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் கணக்கு மட்டும் என் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டேன்.

பேத்தி நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் அடுக்களையில் இருந்து ஏழு ஸ்பூன் எடுத்து வா என்றால் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். பாட்டுப் பாடுவதைப் போலத்தான் எண்களைப் பாடிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் எடுத்து எண்ணிப் பார்க்கிற சாமான்கள் வாங்கலாம் என்று மகள் இணையத்தைத் திறந்தால் மணி, குச்சி, கட்டை, பலகை என்று நூறு தினுசு. பாதிக்கு மேல் மாண்டிசோரி என்ற பெயரோடு. ஒரே மாதிரி தெரிகிற பெட்டி ஓரிடத்தில் ஒரு விலை, இன்னோரிடத்தில் அதைப் போல நாலு மடங்கு. யார் இந்த மாண்டிசோரி, எதற்காக இதையெல்லாம் செய்தார் என்று தெரிந்துகொள்ளாமல் பணம் போடக்கூடாது என்று தோன்றியது. படித்தேன்.

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அலெசாண்ட்ரோ நிதித்துறை அதிகாரி. அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா ரெனில்டே நிறையப் படிக்கிற பழக்கம் உள்ளவர். மரியா ஒரே பிள்ளை. 1875-இல் குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் படித்தால் ஆசிரியை வேலைக்குப் படிப்பார்கள். மரியாவோ பதின்மூன்று வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கு நன்றாக வந்தது. முதலில் பொறியாளர் ஆகவேண்டும் என்றுதான் ஆசை. பிறகு மருத்துவம் என்று மனம் மாறினார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தபோது பிணம் அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு சேர்ந்து நிற்க அவருக்கு அனுமதியில்லை. எல்லோரும் போனபிறகு, மாலை நேரத்தில், தனியாக அந்த அறையில் பிணங்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். நாற்றம் தாங்காமல் புகை பிடித்துக்கொண்டே படித்தாராம். 1896 ஜூலையில் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை; அவருக்கு முன்பே சிலர் இருந்தார்கள். அதே வருடம் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் சம வேலைக்குச் சம கூலி வேண்டும் என்று பேசிவிட்டு வந்தார். வயது இருபத்தாறு.

பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை. மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து மனநோய் விடுதிகளில் அடைத்து வைத்திருந்த காலம் அது. ஒரு விடுதியில் குழந்தைகள் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காட்டி, பாருங்கள் எத்தனை அலைச்சல் என்று காவல்காரப் பெண் அலுத்துக்கொண்டாளாம். மரியா சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர், வெறும் தரை. கையில் எடுக்க அந்தத் துணுக்குகளைத் தவிர அந்த அறையில் வேறு எதுவுமே இல்லை. பிள்ளைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, விரல்களில் என்று அவருக்குப் பட்டது.

இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக அதற்கும் முன்பே உழைத்திருந்தார்கள். அவர்களுடைய புத்தகங்களைத் தேடிப் படித்தார். 1900-இல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் இரண்டு இயக்குநர்களில் ஒருவரானார். பகல் முழுக்கக் குழந்தைகளோடு. இரவில் குறிப்பெழுதுவது, மரத்தில் புதுச் சாமான் செய்யச் சொல்வது. உதவாது என்று தள்ளப்பட்ட குழந்தைகளில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. இவருக்கு வேறு கேள்வி. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்யும்போது, நல்ல உடலும் மூளையும் உள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்து இதே மட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன?

அந்தப் பள்ளியின் இன்னொரு இயக்குநர் ஜுசெப்பே மான்டெசானோ என்ற மருத்துவர். இருவருக்கும் 1898 மார்ச் மாதம் ஒரு மகன் பிறந்தான், பெயர் மாரியோ. கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் செய்துகொண்டால் மரியா வேலையை விடவேண்டி வந்திருக்கும். செய்துகொள்ளாமல் பிள்ளையோடு நின்றாலும் வேலை போயிருக்கும். குழந்தையை ரோமுக்கு வெளியே கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். மான்டெசானோ பிறகு வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியா அந்தப் பள்ளியை விட்டு விலகினார். அவ்வப்போது கிராமத்துக்குப் போய் மகனைப் பார்ப்பார். தான் யார் என்று சொல்லமாட்டார்.

இந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் மேலே படிக்கவில்லை. வேலை கிடைத்த புதிதில் என்னை வேறு ஊர்க் கிளையில் போட்டார்கள். பத்து மாதக் குழந்தையாக இருந்த என் மகளைக் கும்பகோணத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு வருடம். சனிக்கிழமை மதியம் கணக்கு முடித்துப் பேருந்து பிடித்து இரவு போய்ச் சேர்வேன், அவள் தூங்கியிருப்பாள். என் அம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மகள்தான் இப்போது தன் குழந்தையைப் பள்ளிக்குக்கூட அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

மரியாவை யாரும் அவசரப்பட்டு எடை போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். இனி செயலாளர் புகாருக்கு வருகிறேன்.

ரோமில் சான் லொரென்ஸோ என்ற பகுதி. கட்டட வியாபாரம் சூடாக இருந்தபோது மளமளவென்று எழுப்பி, சந்தை விழுந்ததும் அரைகுறையாக விடப்பட்ட அடுக்குமாடிகள். ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஒரு கட்டட நிறுவனம் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்து, தொழிலாளிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு. மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவை மட்டும் கட்டடத்துக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். புதுச் சுவரைக் கிறுக்கும், படிக்கட்டைப் பெயர்க்கும். நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தாலமோ கணக்குப் போட்டார். ஓர் அறையை ஒதுக்கி, ஓர் ஆள் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், பழுதுபார்ப்பில் மிச்சமாகும் பணமே அந்தச் செலவுக்குச் சரியாகிவிடும். பராமரிப்புச் செலவில் இருந்து ஒரு பள்ளி! நம் பொதுக்குழுவில் இப்படி ஒரு தீர்மானம் வந்தால் எத்தனை பேர் கைதூக்குவோம் என்று யோசித்துப் பார்த்தேன்.

பொறுப்பை ஏற்க மரியாவை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6 அன்று மார்சி தெரு 58-ஆம் எண் கட்டடத்தில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. ஐம்பது அறுபது குழந்தைகள். கவனிக்க வந்த பெண் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. விதிகளும் குடியிருப்புச் சங்க விதிகள் போலத்தான் இருந்தன. குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் கிடையாது. ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய்மார்கள் அவரிடம் வந்து பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும்.

இங்கேதான் சாமான் தேர்வு என்ற விஷயம் வருகிறது. எனக்குப் பயன்பட்டதும் இந்தப் பகுதிதான். எந்தச் சாமான் நல்லது என்று மரியா தாமே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கொண்டுவந்து வைத்தார், ஒதுங்கி நின்று பார்த்தார். பணக்காரச் சீமாட்டிகள் அனுப்பிய அழகான பொம்மைகள் அப்படியே கிடந்தன. மர உருளைகளைக் குழியில் பொருத்தும் கட்டையை எடுத்துக் குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்தன. மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி அந்த உருளைகளைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். மரியா மற்றக் குழந்தைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார், அசையவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல். பிறகு தூங்கி எழுந்தவள் போல நிமிர்ந்து பார்த்து, போதும் என்று தானே நிறுத்தினாள்.

இன்னொரு நாள் ஆசிரியை தாமதமாக வந்தார். முந்தின நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தன. ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மரியாவுக்கு அது தேர்வாகத் தெரிந்தது. அதன்பிறகு பூட்டு போயிற்று. குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. யாரும் எடுக்காத சாமான்கள் தட்டில் இருந்து விலகிப் போயின. இன்று பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகிறவை இப்படிக் குழந்தைகள் வடிகட்டிய பிறகு மிஞ்சியவை, அல்லது அவற்றின் நகல்.

மிஞ்சியவற்றில் ஒரு பொதுவான குணம் இருந்தது. தப்புச் செய்தால் சாமானே காட்டிக்கொடுக்கும். உருளையைத் தப்பான குழியில் வைத்தால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. பெரியவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தப்பு என்று ஒரு மனிதர் சொல்வதற்கும் ஒரு கட்டை சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. கட்டைக்கு முகம் சுளிக்கத் தெரியாது.

கணக்குக்கு முதலில் அவர் எடுத்தது காசு. சில்லறை மாற்றுவது குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு என்று எழுதியிருக்கிறார். லண்டனில் ஒரு பள்ளியில் அட்டையில் செய்த போலிக் காசுகளைப் பார்த்து, அது போல நம்மிடமும் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். இதைப் படித்ததும் அந்த அம்மாள் எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார். அடுத்தது பத்து மரச் சட்டங்கள். முதல் சட்டம் பத்து சென்டிமீட்டர், பத்தாவது ஒரு மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை சிவப்பும் நீலமும் மாறி மாறி. ஒன்பதோடு ஒன்றைச் சேர்த்தால் பத்தின் நீளம், எட்டோடு இரண்டு அதே நீளம் என்று குழந்தை அடுக்கிக்கொண்டே போகும். கடைசியில் ஐந்து மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவினால் கை எழுத்தைக் கற்றுக்கொள்ளும்.

பூஜ்யத்துக்கு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. என்னிடம் பூஜ்யம் தடவை வா என்பார். குழந்தை ஓடி வந்துவிடும். ஒரு தடவை வந்துவிட்டாயே, நான் பூஜ்யம் தடவைதானே சொன்னேன் என்பார். சில முறை ஆனதும் அசையாமல் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கப் பழகிவிடும். எங்கள் வீட்டில் பேத்தியிடம் பூஜ்யம் முத்தம் கேட்டேன். முதல் நாள் மூன்று கிடைத்தது.

குச்சிப் பெட்டி என்று ஒன்று. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் எழுதிய பத்து அறைகள். மொத்தம் நாற்பத்தைந்து குச்சிகள். ஒன்று என்ற அறையில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தால் ஒன்பதில் கடைசிக் குச்சி விழும்போது கையில் எதுவும் மிஞ்சக்கூடாது. பூஜ்ய அறை காலியாகவே இருக்கும். எங்கேயாவது தப்பாக எண்ணியிருந்தால் கடைசியில் மிஞ்சும் அல்லது குறையும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். சாயங்காலம் டேலி ஆகவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சாமான் இதுதான். மலிவான விலையில் வாங்கினோம். பேத்தி ஆசையாக உட்கார்ந்தாள். ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காகப் போட்டாள். ஒன்பதுக்கு ஏழு குச்சிதான் இருந்தது. நான் பேசாமல் இருக்கவேண்டும் என்று படித்திருந்தும், திரும்ப எண்ணு கண்ணா, எங்கேயோ விட்டுவிட்டாய் என்றேன். எல்லாவற்றையும் கொட்டி மறுபடி போட்டாள். ஏழு. மூன்றாவது தடவையும் ஏழு. எனக்குக் கணக்கு வராது பாட்டி என்று அழுதுகொண்டே எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். அப்புறம்தான் நான் மொத்தத்தையும் எண்ணினேன். பெட்டியில் வந்ததே நாற்பத்து மூன்றுதான்.

வங்கியில் நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் கேஷ் ஷார்ட் ஆனது. இரவு எட்டு மணி வரை எண்ணினோம். கைப்பணத்தில் இருந்து கட்டினேன். இரண்டு நாள் கழித்து, மேலே இருந்து வந்த கட்டிலேயே நோட்டுக் குறைவு என்று தெரிந்தது. அந்த இரண்டு நாள் நான் பட்டதை ஐந்து வயதுக் குழந்தைக்கு நான் கொடுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, தப்பு உன்னுடையது இல்லை, பெட்டியுடையது, அதைவிட என்னுடையது என்று சொன்னேன். வெளியே வர அரைமணி ஆயிற்று. தென்னை ஈர்க்குச்சியில் நாற்பத்தைந்து ஒரே நீளமாக வெட்டிக்கொண்டோம். அந்தக் காலத்து ஒன்றாம் வகுப்பில் நாங்கள் பத்துப் பத்தாகக் கட்டியது ஈர்க்குச்சிதானே. எண்ணிக்கை சரியாக இல்லாத, அளவு சரியாக இல்லாத சாமான் குழந்தையிடம் பொய் சொல்லும் என்பதை மரியாவின் புத்தகத்தைவிட அந்தக் கட்டில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தங்க மணிகள் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவை 1907-இல் இல்லை, பிற்பாடு சேர்ந்தவை. ஒரு மணி என்றால் ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்த்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஒற்றை மணியை ஒரு கையிலும் ஆயிரத்தை இன்னொரு கையிலும் வைத்துப் பார்க்கிற குழந்தைக்கு இடமதிப்பு பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2,000, 400, 30, 5 என்ற அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்கம் சேர்த்து வைத்தால் 2,435 என்று படிக்கலாம். இதில் ஒரு விளையாட்டுக்குப் பெயரே வங்கி விளையாட்டு. ஒரு குழந்தை காசாளர். பத்து ஒற்றை மணி சேர்ந்தால் வங்கிக்குப் போய் ஒரு பத்துக் கம்பியாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். கழித்தலில் கடன் வாங்க வேண்டுமானால் பத்தை உடைத்துச் சில்லறை. என் சர்வீஸில் எனக்குப் பதவி உயர்வே கிடைக்கவில்லை; பேத்தி என்னை மேனேஜர் ஆக்கிவிட்டாள்.

ஒரு சின்னக் குறை. அட்டைகளில் ஒன்றுகளுக்குப் பச்சை, பத்துகளுக்கு நீலம், நூறுகளுக்குச் சிவப்பு; ஆயிரத்துக்கு மறுபடி பச்சை என்று மூன்று மூன்றாகச் சுழலும். வெளிநாட்டுக் காற்புள்ளிக்கு அது பொருந்தும். லட்சம், கோடி என்று இரண்டிரண்டாகப் பிரிக்கிற நமக்கு மேலே போகப் போகப் பொருந்தாது. ஐந்து வயதுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மரியாவின் வாழ்க்கையில் அடுத்த முப்பது வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகழ் வந்த பிறகு எல்லார் கதையும் ரயில்வே கால அட்டவணை போலத்தான். 1909-இல் புத்தகம் எழுதினார். பல மொழிகளுக்குப் போயிற்று. 1912 கடைசியில் அம்மா இறந்தார். அதன்பிறகுதான் பதினைந்து வயது மாரியோ தாயுடன் வாழ வந்தான். வெளியே அக்காள் மகன், தங்கை மகன் என்கிற மாதிரி ஏதோ ஓர் உறவு. 1913-இல் அமெரிக்காவில் ராஜமரியாதை. 1914-இலேயே கில்பாட்ரிக் என்ற பேராசிரியர், இந்தச் சாமான்கள் குழந்தையின் கற்பனைக்கு இடம் தராதவை, குறுகலானவை என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். அங்கே மோகம் வடிந்தது. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். சட்டத்தை வைத்து ரயில் ஓட்டிய பேத்தியைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

1924 முதல் முசோலினி அரசாங்கம் அவர் பள்ளிகளை ஆதரித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து உறவு முறிந்து, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. பத்து வருடம் என்பது நீண்ட காலம்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். பார்சிலோனாவில் இருந்தபடி 1934-இல் கணக்குச் சாமான்களைப் பற்றி மட்டும் தனிப் புத்தகம் வெளியிட்டார். 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. மகனோடும் பேரக்குழந்தைகளோடும் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்து வந்தது நம் ஊருக்கு. பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைப்பின்பேரில் 1939 நவம்பரில் அடையாறு வந்து இறங்கினார். அருண்டேலின் மனைவிதான் கலாக்ஷேத்ராவின் ருக்மணி தேவி. வயது அறுபத்தொன்பது. சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. சுமார் முந்நூறு பேர் படிக்க வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். பக்கத்தில் நின்று மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமுக்கு அனுப்பினார்கள். அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அந்த ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்தது. வைஸ்ராயிடம் இருந்து ஒரு தந்தி வந்தது. எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்ததில், அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதுதான் சரியான பரிசாக இருக்கும் என்று தோன்றியதாம். மாரியோ விடுதலையானார். வருடக்கணக்காக மருமகன், வளர்ப்பு மகன் என்று ஏதேதோ பெயரில் கூடவே இருந்தவரை ஓர் அரசாங்கத் தாள் மகன் என்று சொன்னது. அடையாறு ஆலமரத்தைப் பார்க்க எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இது தெரியாமலே போய்விட்டு வந்திருக்கிறேன்.

பிறகு கொடைக்கானலில் தங்க அனுமதித்தார்கள். 1942 முதல் இரண்டு வருடம், பல வயதுக் குழந்தைகள் கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு, செடி, பூச்சி, நீர், பாறை என்று கண்ணில் பட்டதெல்லாம் பாடமாக நடந்தது. போர் முடிந்து 1946-இல் ஐரோப்பா திரும்பினார். அடுத்த வருடமே மறுபடி அடையாறு. 1949-இல் தான் கடைசியாகக் கிளம்பினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் போயிற்று, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் நோர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது எண்பத்தொன்று. மாரியோ அருகில் இருந்தார். அம்மாவின் வேலையை அவரே தொடர்ந்து நடத்தினார்.

யூரோ வருவதற்கு முன் இத்தாலியின் ஆயிரம் லிரா நோட்டில் மரியாவின் படம் இருந்தது. 1990 முதல் அச்சானது. பின்பக்கம் படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகள். பெயர்தான் ஆயிரம், அப்போது அவர்களிடம் இருந்த நோட்டுகளிலேயே மதிப்புக் குறைந்தது அதுதான். எங்கள் கிளையில் நோட்டுச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் அதை ஒருமுறை காட்டினார். யாரோ ஒரு பாட்டி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் கடைசியில் என்ன வாங்கினோம் என்று கேட்பவர்களுக்கு: தங்க மணி மட்டும் கொஞ்சம் விலை கொடுத்து நல்லதாக வாங்கினோம். மரத்தில் மணிப் படம் அச்சிட்ட ஆயிரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே ஓர் ஆயிரமாவது நிஜ மணியில் இருக்கட்டும், கனம் கையில் தெரிய வேண்டும். சட்டங்களை நம் தெருமுனைத் தச்சர் செய்து கொடுத்தார். டேப் வைத்து நானே அளந்து வாங்கினேன். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குச்சி, தென்னை மரம் கொடுத்தது. வேறெதுவும் வாங்கவில்லை. பெட்டி வந்ததும் குழந்தை கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை எண்ணிவிடுங்கள். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். அது முத்திரை அல்ல.

பேத்தி இப்போது ஏழு ஸ்பூன் கேட்டால் ஏழு கொண்டுவருகிறாள். சில நாள் எட்டு வரும். நான் மேஜையில் ஏழு தட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். மிஞ்சியதை அவளே கொண்டுபோய் வைத்துவிடுகிறாள்.

சட்டங்கள் அவளுக்கு முடிந்துவிட்டன, பரண்மேல் கிடக்கின்றன. சின்னக் குழந்தை உள்ள வீட்டார் வேண்டுமானால் வாங்கிப்போய் ஒரு மாதம் வைத்திருந்து தரலாம். பத்தும் திரும்பி வரவேண்டும். வாங்கும்போது எண்ணித்தான் வாங்குவேன்.